கம்பளி மாமா கொண்டுவந்த அம்மா

உலகத்தில் படம் எடுக்கிற எந்தப் பிள்ளையும், தன்னைப் பெற்றவளை முதல் வரிசையில் உட்காரவைத்துக் காட்டத்தான் துடிப்பான். அழகையா என்ன செய்தான் தெரியுமா? ஊரே பார்த்தாலும் பரவாயில்லை, அம்மா ஒருத்தி கண்ணில் மட்டும் இந்தப் படம் பட்டுவிடக் கூடாது என்று கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டான். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து சந்தி வரைக்கும் சுவர் சுவராக ஒட்டியிருந்த போஸ்டர்களில், அம்மா பாலம்மா வேலைக்குப் போக பஸ் ஏறுகிற இடத்துக்கு எதிரே இருந்ததை மட்டும் அவனே போய் நகத்தால் சுரண்டிக் கிழித்தான். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "என்னா தம்பி, ஒங்களுக்குப் புடிக்காத ஆளு எடுத்த படமா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றான். வேறு என்ன சொல்வான், பாவம்.

படத்தின் பெயர் 'கம்பளி மாமா'. பேய்ப்படம். இப்போது உலகமெல்லாம் இந்தப் பைத்தியம்தானே பிடித்திருக்கிறது? பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்கிற கதையைப் பிடிப்பது, அதில் வருகிற நல்ல மிருகத்தின் கையில் ஒரு கோடரியைக் கொடுப்பது, பேய்ப்படம் என்று விடுவது. செலவு சொற்பம். ஒரு முகமூடி, ஒரு காடு, அலறிக்கொண்டு ஓட ஒரு பெண், போத்தல் போத்தலாகச் சிவப்புச் சாயம். சின்ன வயதில் கட்டிப்பிடித்துத் தூங்கிய பொம்மை கழுத்தை நெரிப்பதைப் பார்க்க வளர்ந்தவர்களுக்கு அப்படி என்ன ஆசையோ, விழுந்தடித்துக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

அழகையாவின் கூட்டாளி நளீர் அந்த ரகப் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தவன். கட்டுகஸ்தோட்டையில் போன் திருத்துகிற கடை வைத்திருந்தான். கல்யாண வீடியோவும் எடுப்பான். அழகையா அவனிடம் எடிட்டிங் வேலை. கல்யாணம் இல்லாத ஒரு மழை மாதத்தில், கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது நளீர் ஆரம்பித்தான்.

"மச்சான், நாமளும் ஒண்டு எடுப்போம். எல்லாரும் சின்ன வயசுல கேட்ட கதையா ஈக்கணும். ஆனா வெளிநாட்டுக் கதை வேணாம். ஒங்கட தோட்டத்துல ஒண்டுமில்லயா?"

அழகையா யோசிக்கவே இல்லை. வாயில் வந்தது கம்பளி மாமாதான்.

கலஹா ரோட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் அவன். அங்கே பிள்ளைக் காம்பரா என்று ஒன்று உண்டு. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விடிந்ததும் பிள்ளைகளைக் கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வீரம்மா என்கிற ஆயம்மா பார்த்துக்கொள்வாள். காலையில் பிள்ளைகளுக்குக் கவலை இல்லை. எதிர்மலையில் அம்மாமார் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரிவார்கள். "அந்தா எங்கம்மா, அந்தா எங்கம்மா" என்று விரலை நீட்டிக்கொண்டிருக்கலாம். மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கும். மலை போய்விடும், அம்மாமார் போய்விடுவார்கள், ஒரு பிள்ளை ஆரம்பித்தால் போதும், அத்தனையும் சேர்ந்து ஓவென்று அழும். அப்போது வீரம்மா சொல்வாள்:

"ஏன்டா அழுவுறீங்க? அது மூட்டம் இல்லடா. கம்பளி மாமா கம்பளிய விரிச்சிருக்காரு. ஒங்க அம்மாமாருக்குக் குளிருதாம், போத்தி விட்டிருக்காரு. வேல முடிஞ்சு சங்கு ஊதட்டும், ஒவ்வொருத்தரா தூக்கியாந்து இந்த வாசல்ல விட்டுருவாரு பாரு."

சங்கு ஊதும். வெள்ளை மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு கூடை தெரியும், பிறகு ஒரு தலை, பிறகு ஓர் அம்மா. அப்புறம் இன்னோர் அம்மா. சும்மா சொல்லக்கூடாது, தினமும் சாயங்காலம் பிள்ளைகளின் கண்முன்னாலேயே நிஜமாகிற கதை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் இந்தக் கதை தெரியாத பிள்ளை கிடையாது. கம்பளி மாமாவுக்கு என்று ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துப் படியில் வைக்கிற பிள்ளைகள்கூட இருந்தார்கள்.

நளீர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "நல்ல கதைதான்டா. ஆனா இதுல பேய் எங்க?"

அழகையா குடித்த கோப்பையைக் கீழே வைத்தான். "சங்கு ஊதும். கம்பளி மாமா அம்மாவக் கொண்டாந்து விடுவாரு. ஆனா வந்தது அம்மாவா இருக்காது."

நளீர் தன் முன்னங்கையை நீட்டிக் காட்டினான். "யா அல்லாஹ், இங்க பாரு, மயிரெல்லாம் நட்டுக்கிட்டு ஈக்குது! எங்கயிருந்துடா புடிச்ச இத?"

"சும்மா தோணுச்சு" என்றான் அழகையா. பெருமையாகத்தான் இருந்தது. அந்த நிமிஷத்தில் அவனுக்கு வெட்கமெல்லாம் வரவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சும்மா தோன்றியதா அது? அட போங்க. அவனுக்கு நாலு வயதாக இருக்கும்போது பாலம்மா வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போனாள். லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பெண்கள் அப்படித்தான் போனார்கள். அவன் அப்பா கறுப்பையா தோட்டத்தில் வாச்சர் வேலை. பிள்ளைக்குச் சமாதானம் சொல்லத் தெரியாத மனுஷன். அம்மா எங்கே என்று கேட்டுக் கேட்டு அழுத பிள்ளைக்கு வீரம்மாதான் சொன்னாள், கம்பளி மாமா அம்மாவைத் தூரத்து மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார், ஒருநாள் கொண்டுவந்து விட்டுவிடுவார் என்று. அவளை என்ன குறை சொல்வது, அவளிடம் இருந்தது அந்த ஒரு கதை. அழகையா தினமும் சங்கு ஊதும் நேரம் பிள்ளைக் காம்பராவின் வாசலில் போய் நின்றான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் பையைத் தோளில் போட்டபடி அங்கேதான் வந்து நின்றான். எல்லாருடைய அம்மாவும் மூட்டத்திலிருந்து வருவார்கள், கூட்டிக்கொண்டு போவார்கள், வீரம்மா கதவைப் பூட்டுவாள். பிறகு ஒரு காலத்தில் அவன் நிற்பதை விட்டுவிட்டான்.

நிற்பதை விட்ட பிறகுதான் அவள் வந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வேன் பிடித்து, பெரிய பெரிய பெட்டிகளோடு. லயமே கூடிவிட்டது. வேனிலிருந்து இறங்கிய பெண் வெளுத்திருந்தாள், பருத்திருந்தாள், மணிக்கட்டில் மஞ்சளாக ஒரு கடிகாரம் மின்னியது. இனிப்பாக என்னவோ வாசனை வேறு. பெட்டியை இறக்குகிறவனை "யல்லா, யல்லா" என்று அரபியில் அவசரப்படுத்தினாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். இரண்டு கையையும் அகல விரித்து நீட்டிக்கொண்டு, "அழகு, எஞ்சாமி, வாடா" என்று முன்னால் வந்தாள். அவன் வீரம்மாவின் சேலைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டு, "இது எங்கம்மா இல்ல! இது எங்கம்மா இல்ல!" என்று கத்தினான். கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிள்ளைதானே, இரண்டு நாளில் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள்.

ஒட்டிக்கொள்ளவில்லை. கறுப்பையா செத்த பிறகு தாயும் மகனும் தோட்டத்தை விட்டுக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை அறைக்கு வந்தார்கள். பாலம்மாவுக்குப் பல்லேகலப் பக்கம் ஒரு கார்மென்ட் பெக்டரியில் துணியில் நூல் வெட்டுகிற வேலை கிடைத்தது. இரண்டு பேரும் சண்டை போட்டதே கிடையாது. அவள் சோறு மூடி வைப்பாள், அவன் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பெற்றவளை "நீ, வா, போ" என்று கூப்பிடும். இவன் மட்டும் "நீங்க" என்பான். என்ன மரியாதையான பிள்ளை என்று பக்கத்து வீட்டார் மெச்சிக்கொள்வார்கள். பாலம்மா அவன் தலையை ஒரு நாளும் தடவியதில்லை. காய்ச்சல் என்றால்கூட மாத்திரையைக் கதிரையில் வைத்துவிட்டு எட்ட நின்றுதான் "முழுங்கிட்டியாப்பா?" என்று கேட்பாள். குவைத்திலே அவளுக்கு மனசு காய்ந்துபோய்விட்டது என்று அழகையா எப்போதோ முடிவு கட்டியிருந்தான். அந்த முடிவு அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

படம் எடுக்க ஆரம்பித்தார்கள். கம்பளி மாமாவுக்குக் கம்பளி வேண்டுமே? தோட்டத்தில் மழைக்குப் போட்டுக்கொண்டு போன அந்தக் காலத்துக் கறுப்புக் கம்பளியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? கடையில் விற்கிற மெல்லிசுப் போர்வையை ஓர் ஆள்மேல் போட்டுப் பார்த்தால், சலூனில் முடிவெட்ட உட்கார்ந்த மாதிரி இருந்தது. நளீர் தலையில் கை வைத்துக்கொண்டான். "தடிப்பா ஈக்கணும்டா. மொசுமொசுண்டு ஈக்கணும். பாரமா அசையணும்."

தடிப்பாக, மொசுமொசுவென்று ஒன்று அழகையாவின் வீட்டு அலுமாரியில் இருந்தது.

வளைகுடாவுக்குப் போய்வந்த பெண்கள் உள்ள வீடுகளில் போய்ப் பாருங்கள். சங்கிலி வந்திருக்கும், விற்றிருப்பார்கள். ரேடியோ வந்திருக்கும், பழுதாகியிருக்கும். அந்தத் தடித்த போர்வை மட்டும் சிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் வந்தபடியே இருக்கும். ஒன்றில் சிங்கம், ஒன்றில் புலி, ஒன்றில் பெரிய பெரிய ரோசாப்பூ. அதை யாரும் போர்த்துவதில்லை. மகனுக்கோ மகளுக்கோ கல்யாணம் ஆகிற அன்றைக்குத்தான் பை திறக்க வேண்டும், அது ஒரு வழக்கம். பாலம்மா கொண்டுவந்ததில் சிங்கம் இருந்தது. நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை பையோடு எடுத்து வெயிலில் வைப்பாள், திறக்காமலேயே திரும்ப வைப்பாள். "ஒனக்குத்தாம்பா இது" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அழகையா அதை எடுத்தான். சிங்கம் வெளியே தெரியாதபடி உட்பக்கத்தைத் திருப்பி, கறுப்புச் சாயத்தில் முக்கி, இரண்டாகக் கிழித்துத் தைத்து, தலைக்கு ஓட்டை போட்டார்கள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான். வெறும் பைக்குள் பழைய திரைச்சீலைகளையும் ஒரு சாக்குப் படங்கையும் அமுக்கி, சிப்பை இழுத்து மூடி, இருந்த இடத்திலேயே வைத்தான். கலைக்காகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டான். கலையாம் கலை!

அம்மாவாகவும் பேயாகவும் நடித்தவள் இராஜகுமாரி. கண்டி டவுனில் ஒரு சலூனில் வேலை செய்கிற கெட்டிக்காரி. கடைசிக் காட்சிக்கு அவள் முகத்தில் பவுடரை அள்ளிப் பூசி, கையில் மஞ்சள் கடிகாரம் கட்டி, வாயில் "யல்லா" என்ற சொல்லையும் கொடுத்து, அழகையா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான்.

"கைய இன்னும் நீட்டு. இன்னும் அகலமா. கூசாம நீட்டு."

"அண்ணே, இவ்வளவு ஆசையா கைய நீட்டுனா பேய் மாதிரியே இருக்காதே!"

"அதுக்குத்தான். அப்பதான் பயமா இருக்கும்."

இராஜகுமாரி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு சொன்னபடியே நீட்டினாள். ஒரே டேக்கில் ஓகே.

படத்தைக் கண்டி டவுனில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போடுவதாக ஏற்பாடு. டிரெய்லர் போனில் பரவியதும் தோட்டத்துச் சனம் துள்ளிக் குதித்தது. நம்ம கம்பளி மாமாவாம், நம்ம கதையாம்! கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். பெண்கள்தான் அதிகம். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு. பின்வரிசை முழுக்க விசிலடிக்கிற இளவட்டம். பாலம்மாவிடம் பட்டன் போன்தான், டிரெய்லர் பார்த்திருக்க மாட்டாள். கம்ப்யூட்டர் வேலையாகக் கண்டி போகிறேன், வர நேரமாகும் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அழகையா வந்திருந்தான். ஆகவே நிம்மதியாக வாசலில் நின்றான். நளீரின் வேன் வந்து நிற்கிறவரைக்கும்.

வேன் கதவு திறந்தது. நீலச் சேலையில் பாலம்மா இறங்கினாள்.

"சப்ரைஸ் மச்சான்!" என்று நளீர் குதித்தான். "டைரக்டர்ட உம்மா இல்லாம படமா? நானே வீட்டுக்குப் போய்க் கூட்டியாந்தேன். பாவம், அவங்களுக்கு நீ படம் எடுத்தீக்கிறதே தெரியாதுடா!"

அழகையாவின் முகத்தில் ஈயாடவில்லை. "உங்களுக்கு இதெல்லாம் ஒத்துக்காதுங்க" என்றான் அம்மாவிடம். "பெரிய சத்தமா இருக்கும். தலைவலி வந்துரும். நான் ஆட்டோ புடிச்சுத் தர்றேன், வீட்டுக்குப் போங்க."

"பரவால்லப்பா. இந்தத் தம்பி அவ்வளவு தூரம் வந்து கூப்புட்டுச்சு" என்றாள் பாலம்மா. அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது; அதை மறைக்கவும் பார்த்தாள். மகன் படம் எடுத்திருக்கிறான். நளீர் அவளைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் நடுக் கதிரையில் உட்காரவைத்தான்.

அழகையா அவனைத் தனியே இழுத்தான். "நளீர், அந்தக் கடைசி சீன மட்டும் தூக்கிடுவோம்டா."

"பைத்தியமா ஒனக்கு? அந்த சீனுக்குத்தானேடா படமே ஈக்குது! ஏன், என்ன?"

ஏன் என்று சொல்லியிருக்கலாம். நளீர் தங்கமான பிள்ளை. காரணம் தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே லெப்டொப்பைத் திறந்து வெட்டியெறிந்திருப்பான். ஆனால் சொல்வதானால், அந்தப் பேய் எங்கம்மாதான்டா என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றான். தப்பிக்கக் கிடைத்த கடைசி வாசலையும் தானே சாத்திவிட்டு, பின்சுவரோடு போய்ச் சாய்ந்து நின்றான். அங்கிருந்து அம்மாவின் கொண்டை மட்டும் தெரிந்தது.

படம் தொடங்கியது. மூட்டம், பிள்ளைக் காம்பரா, சங்கு. "ஐயோ, நம்ம காம்பராடீ!" என்று பெண்கள் பூரித்தார்கள். பிறகு திரையில் கம்பளி மாமா முதல் தடவையாக எழுந்து நின்றார். கறுப்பாக, பாரமாக, இரண்டு ஆள் உயரத்துக்கு. இசை இடித்தது. இளவட்டம் ஊளையிட்டது. நடுவரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது:

"அடியே, அது குவைத்துப் போர்வடீ! ஓரத்துத் தையலப் பாரு!"

அவ்வளவுதான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. "எங்க வீட்டு அலுமாரியிலயும் ஒரு பேய் இருக்கு!" என்றாள் ஒருத்தி. "எம்மகன் கல்யாணத்துக்கு வச்சிருக்கேன், நல்லவேளை கடிக்கல!" என்றாள் இன்னொருத்தி. கம்பளி மாமா திரையில் ஓர் ஆளைக் கொன்றுகொண்டிருக்க, பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எவ்வளவு சாயம் போட்டு என்ன, குவைத்துக்கும் சவூதிக்கும் போய்ப் பத்துப் பாத்திரம் தேய்த்து, அந்தப் போர்வையைத் தலையில் சுமந்து வந்தவர்களுக்கு அதைத் தெரியாதா? அழகையா மறந்தது அதைத்தான். தன் அம்மா ஒருத்தியை மட்டுமே மறைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவள் போய்வந்த வழியே போய்வந்தவர்கள்.

முதல் வரிசையில் அந்தக் கொண்டை மட்டும் அசையவில்லை. திரையில் கம்பளி மாமா திரும்பியபோது ஓரம் புரண்டு, சாயம் சரியாகப் பிடிக்காத ஓர் இடத்தில் சிங்கத்தின் வால் நுனி தெரிந்தது. பாலம்மா கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கதிரையில் சாய்ந்துகொண்டாள். அழகையாவுக்குக் காது இரண்டும் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. மண்டபத்தை விட்டு ஓடிவிடலாமா என்று பார்த்தான். சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

கடைசிக் காட்சி வந்தது. மூட்டத்திலிருந்து இராஜகுமாரி வந்தாள். வெளுத்த முகம். மணிக்கட்டில் மஞ்சள் கடிகாரம். பின்னால் பெட்டிகள். பிள்ளை மூக்கை உறிஞ்சி வாசம் பிடித்துப் பின்வாங்கியது. அவள் "யல்லா" என்றாள். பிறகு இரண்டு கையையும் அகல விரித்து, ஆசையாக, கூசாமல் நீட்டினாள்.

சிரித்துக்கொண்டிருந்த பெண்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"இது எங்கம்மா இல்ல!" என்று திரையில் பிள்ளை கத்தியது. "இது எங்கம்மா இல்ல!"

பின்வரிசையில் விசில் பறந்தது. முன்னால் அத்தனை பெண்களும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் தூங்கிய பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். போர்வையைக் கண்டுபிடித்துச் சொன்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆக, ஒரு வீட்டில் மட்டும் நடந்ததில்லை அது. எத்தனை லயத்து வாசலில், எத்தனை வேனிலிருந்து இறங்கி, எத்தனை பேர் கையை நீட்டியிருக்கிறார்கள்! அத்தனை பேரையும் கூட்டிவந்து உட்காரவைத்து, நீங்கள்தான் பேய் என்று பெரிய திரையில் காட்டிவிட்டான் இந்தப் புண்ணியவான்.

விளக்கு எரிந்தது. நளீர் மைக்கோடு மேடைக்குத் தாவினான். அமைதியைப் பார்த்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, பயத்துல ஒருத்தருக்கும் சத்தமே வரல்ல!" என்றான். "இப்ப டைரக்டர் அழகையாட தாயார மேடைக்குக் கூப்புட்டு, பொன்னாடை போர்த்தப் போறோம்!"

பாலம்மா எழுந்தாள். படியில் சேலை தடுக்காமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நளீர் பொன்னாடையைப் போர்த்தி, மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தான். "உம்மா, மகன்ட படத்தப் பாத்தீங்க. பயந்தீங்களா, இல்லயா?"

"படம் நல்லா இருக்குங்க" என்றாள் பாலம்மா. மைக்கில் குரல் கொஞ்சம் கரகரத்தது. "நல்லா எடுத்திருக்காரு. கஷ்டப்பட்டிருக்காரு." போகப் போகிறவள் மாதிரி திரும்பினாள். பிறகு, போகவில்லை. "ஒரே ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் தப்பா இருக்குங்க."

"எந்த எடம்? சொல்லுங்க, சொல்லுங்க!" என்று நளீர் சிரித்தான்.

"புள்ள அப்புடிக் கத்துன பெறகும், அந்தப் பொம்பள கைய நீட்டிக்கிட்டே நிக்கிறால்ல? அப்புடி நிக்க மாட்டாங்க. கைய உடனே கீழ போட்டுருவாங்க. புள்ள இன்னும் பயந்துருமேன்னு." அவள் யாரையும் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்துத்தான் பேசினாள். "அதுக்குப் பெறகு நீட்டவே மாட்டாங்க. புள்ளையா வரட்டும்னு இருந்துருவாங்க."

பின்வரிசை இளவட்டம், அம்மா பேய்க்கே நடிப்புச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கைதட்டிச் சிரித்தது. முன்னால் ஒருத்தியும் கைதட்டவில்லை.

சுவரோடு நின்ற அழகையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காய்ச்சலுக்கு மாத்திரையைக் கதிரையில் வைத்துவிட்டு எட்ட நின்றாளே, அது மனசு காய்ந்ததாலா? தடவிக்கொடுக்காத கை, கிட்டே வராத கால், எல்லாம் அவன் பயந்துவிடக் கூடாது என்றா? இத்தனை வருஷமும் அவன் வருவான் என்று அவளும் ஒரு வாசலில் நின்றிருக்கிறாள். அவன் போகவில்லை. போகாதது மட்டுமா, அந்த நீட்டிய கையை எடுத்து, அளவு பார்த்து, இன்னும் அகலமா நீட்டு என்று சொல்லி, சனம் பயந்து அலற வேண்டும் என்று படம் பிடித்திருக்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவனுக்கு.

"டைரக்டர், மேடைக்கு!" என்று நளீர் கூவினான். நாலு பேர் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. அம்மாவுக்கு முன்னால் நின்றான். பொன்னாடை அவள் தோளில் சரிந்து கிடந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கின.

"கட்டிப் புடிடா, போட்டோ எடுக்கணும்!" என்றான் நளீர், போனைத் தூக்கிக்கொண்டு.

பாலம்மா அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். கை அசையவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள், அது அவனுக்குத் தெரிந்தது. ஓர் எட்டு முன்னால் வைத்து, கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய அவனுக்கு யோக்கியதை இருக்கிறதாகத் தோன்றவில்லை. முகத்தைப் பார்க்காமல் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. தடாலென்று அவள் காலில் விழுந்தான்.

மண்டபம் அதிர்ந்தது. இப்படியல்லவா பிள்ளை இருக்க வேண்டும் என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். போன்கள் மினுங்கின. அழகையா நெற்றியைப் பலகையில் வைத்துக் கிடந்தான். வழக்கமாக விழுந்து எழும்புகிற நேரம் கடந்தது. கைதட்டல் மெலிந்தது. "போதும்டா, எழும்பு" என்று நளீர் கிசுகிசுத்தான். அவன் எழும்பவில்லை. எழும்பினால் அவளைப் பார்க்க வேண்டும்.

மேலேயிருந்து அம்மாவின் குரல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாக வந்தது. "எந்திரிப்பா. நான் தூக்கி விடட்டுமா? பயப்பட மாட்டியே?"